சுவரா, டிரைவரா? செட்டிநாட்டு வீட்டில் லினக்ஸ் வைஃபை

தேவகோட்டை வாசகர், 2024 ஜூலை 6, காலை

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 நிறுவினேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, வைஃபை மட்டும் இல்லை. எங்கள் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டில், உட்கார்ந்து பார்த்தால் ஒரு வலையின் பெயர்கூடத் தெரியவில்லை. அதே இடத்தில், அதே மடிக்கணினியில், விண்டோஸில் வலை கிடைக்கிறது. ஆகவே லினக்ஸ் வைஃபைக்கு ஆகாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2024 ஜூலை 6, இரவு

நான் மறுக்கிறேன். கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். தேவகோட்டை வீட்டின் அமைப்பும் இதைப் போன்றதாகவே இருக்கும் என்பதால் உங்கள் சிக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. அங்கிருந்து அலை பட்டாலை என்னும் முன்கூடத்தைக் கடந்து, வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்கு வருவதற்குள் இரண்டடிக்குக் குறையாத சுண்ணாம்புச் சுவர்களையும், பர்மாத் தேக்கு நிலைகளையும், முற்றத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பி வலையையும் தாண்ட வேண்டும். போதாக்குறைக்குப் பட்டாலையில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடிகள் இரண்டு எதிரெதிரே மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் பின்புற உலோகப் பூச்சு ஒளியைத் திருப்பி அனுப்புவதைப் போலவே வைஃபை அலையையும் திருப்பி அனுப்பும். குற்றவாளி சுவர்தான், லினக்ஸ் அன்று.

என் மடிக்கணினியிலும் 2022-ல் டெபியன் 11 நிறுவியபோது வைஃபை வரவில்லை. அப்போதைய காரணம் வேறு. கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, எழுதி வைக்கும் டிமெஸ்க் பதிவில் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் மைனஸ் 2 என்று இருந்தது. மைனஸ் 2 என்றால் கோப்பு அவ்விடத்தில் இல்லவே இல்லை என்று பொருள். வைஃபை கார்டு ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஈ. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் கெர்னலிலேயே இருந்தது, ஆனால் அது கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர், கட்டற்ற மென்பொருள் அல்லாததால், நிறுவல் வட்டில் சேர்க்கப்படவில்லை. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுத்து, ஃபர்ம்வேர்-ரியல்டெக் பொதியை நிறுவியதும் கார்டு விழித்துக்கொண்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, இவ்வகை ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவ்வாறே வந்தது. ஆகவே ஃபர்ம்வேர் இல்லை என்ற சிக்கல் உங்களுக்கு இருக்க வாய்ப்பில்லை. மிஞ்சுவது சுவர்.

2024 ஜூலை 7

இன்று அளந்தேன். ஐடபிள்யூ என்னும் கட்டளை, இணைப்பிலுள்ள சிக்னலின் வலிமையை டிபிஎம் என்னும் அலகில் காட்டும். எண் சுழியத்துக்கு அருகில் இருந்தால் நல்லது, மைனஸ் 80-ஐத் தாண்டினால் தகராறு. ரவுட்டருக்கு ஒரு கை தூரத்தில், முகப்புத் திண்ணையில், மைனஸ் 61. பட்டாலையின் நடுவில் மைனஸ் 74. வளவின் வடபுற அறையில் மைனஸ் 86. அங்கே அஞ்சல் திறக்கும், படம் திறக்காது. வளவுக்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டில் இணைப்பே இல்லை. கட்டுக்குக் கட்டு சிக்னல் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

2024 ஜூலை 9, பிற்பகல்

மேலே எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது.

அளந்த எண்களை அப்பத்தாவிடம் பெருமையாகக் காட்டி, இந்த வீட்டுச் சுவர் எவ்வளவு கனம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பத்தா கேட்டுவிட்டு, "அது சரிடா, வாசத் திண்ணைக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவுல எந்தச் சுவரு இருக்கு?" என்றார்கள். நான் வாயடைத்துப் போனேன். ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தபோது மைனஸ் 61 எப்படி வரும்? கைப்பேசியை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன், அது மைனஸ் 33 காட்டியது. வித்தியாசம் 28. ஒவ்வொரு 10 டெசிபெலும் ஒரு பத்து மடங்கு என்பதால், 28 டெசிபெல் என்பது அறுநூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு. நடுவில் காற்றைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் அறுநூறில் ஒரு பங்கு சிக்னல் மட்டுமே வருகிறது என்றால், கோளாறு கார்டின் பக்கத்தில் இருக்கிறது. ஜூலை 7-ஆம் தேதிக் குறிப்பில் அந்த முதல் எண்ணை என் கையாலேயே எழுதிவிட்டு, அதன் பொருளைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன்.

தேவகோட்டை நண்பர் தம் முதல் பதிவிலேயே விண்டோஸில் அதே இடத்தில் வலை கிடைப்பதாகச் சொல்லியிருந்தார். சுவருக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற வேற்றுமை தெரியாது. அதையும் நான் பொருட்படுத்தவில்லை. மன்னிக்கவும்.

2024 ஜூலை 9, நள்ளிரவு கடந்து

காரணம் கிடைத்துவிட்டது, தூக்கம் போய்விட்டது.

இந்த ஆர்டிஎல்8723பிஈ கார்டில் ஆன்டெனாக் கம்பியை மாட்ட இரண்டு சிறு பொருத்துமுனைகள் உண்டு. சில மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆன்டெனாவை வைத்து, அதை இரண்டில் ஏதாவது ஒரு முனையில் மாட்டிவிடுகிறார்கள். எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்பதைக் கார்டுக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் அவர்கள் சரியாகப் பதிய வேண்டும். தவறாகப் பதிந்துவிட்டால், லினக்ஸ் டிரைவர் அந்தப் பதிவை நம்பி, கம்பி இல்லாத முனை வழியாகப் பேசவும் கேட்கவும் முயலும். மாட்டாத முனையிலிருந்து கசியும் சொற்ப அலைதான் நான் இரண்டு ஆண்டுகளாகச் சுவரைத் திட்டிக்கொண்டே பயன்படுத்தி வந்த வைஃபை.

இதற்கான தீர்வு டிரைவரிலேயே இருக்கிறது. ஆன்ட்_செல் என்ற அளவுருவுக்கு 1 அல்லது 2 என்று மதிப்புக் கொடுத்தால், கார்டின் பதிவைப் பொருட்படுத்தாமல் நாம் சொல்லும் ஆன்டெனாவையே டிரைவர் எடுத்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் 0, அதாவது கார்டு சொல்வதை நம்பு என்று பொருள். மோட்ப்ரோப் கட்டளையால் டிரைவரை இறக்கிவிட்டு, 1 என்று கொடுத்து மீண்டும் ஏற்றினேன். ஒன்றும் மாறவில்லை. 2 என்று கொடுத்து ஏற்றினேன். திண்ணையில் மைனஸ் 35.

ரியல்டெக் வைஃபை டிரைவர்களை லினக்ஸில் நீண்ட காலம் பராமரித்து, இவ்வகைக் கேள்விகளுக்கு இணையத்தில் சளைக்காமல் பதில் சொல்லி வந்த லாரி ஃபிங்கர், சென்ற மாதம்தான், 2024 ஜூனில், காலமானார். பிராட்காம் கார்டுகளுக்கான பி43 டிரைவரிலும் அவருடைய உழைப்பு பெரிது. இந்த ஒற்றை ஆன்டெனா விவகாரத்தைத் தேடிக்கொண்டு போனபோது ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய பழைய பதில்கள் எதிர்ப்பட்டன. நன்றி சொல்ல நினைத்த நேரத்தில் ஆள் இல்லை.

2024 ஜூலை 10

கணினியை அணைத்து எழுப்பியதும் பழையபடி மைனஸ் 61. டெர்மினலில் கொடுத்தது அடுத்த துவக்கம் வரைதான் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேற்றே ஈடிசி கோப்புறைக்குள் மோட்ப்ரோப்.டி என்னும் உட்கோப்புறையில் ஒரு கோப்பை உண்டாக்கி, ஆப்ஷன்ஸ் என்று தொடங்கும் ஒற்றை வரியில் டிரைவரின் பெயரையும் ஆன்ட்_செல்=2 என்பதையும் எழுதி வைத்திருந்தேன். இருந்தும் பலிக்கவில்லை.

அரை நாள் தேடிய பின் கண்டது: டிரைவரின் பெயரில் கடைசி எழுத்தான ஈ-யை விட்டுவிட்டிருந்தேன். அப்படி ஒரு டிரைவர் இல்லை என்று கணினி முணுமுணுக்கக்கூட இல்லை. இல்லாத ஒருவருக்கு எழுதிய கடிதம் போல அந்த வரி அங்கேயே கிடந்திருக்கிறது. மதிப்பு உண்மையிலேயே டிரைவருக்குள் சென்றதா என்று பார்க்க, சிஸ் கோப்புறையில் மாட்யூல் என்பதன் கீழ் அந்த டிரைவரின் பெயரில் உள்ள பாராமீட்டர்ஸ் என்னும் இடத்தில் ஆன்ட்_செல் கோப்பைத் திறந்து படிக்கலாம். இப்போது அது 2 என்கிறது. முதலிலேயே இதைப் பார்த்திருந்தால் அரை நாள் மிஞ்சியிருக்கும்.

2024 ஜூலை 11

வடபுற அறையில் மைனஸ் 60. படம் திறக்கிறது.

2024 ஜூலை 14

தேவகோட்டை நண்பர் என் கோப்பை எழுத்துக்கு எழுத்து எழுதிப் பார்த்தும் பயனில்லை என்று தெரிவித்திருக்கிறார். பிழை அவர்மீது அன்று, என்மீது. கார்டு எது என்று கேட்காமலே மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற குறியோடு கொடுத்தால், கார்டின் பெயர், அதன் அடையாள எண், இப்போது அதை இயக்கும் டிரைவர் ஆகிய மூன்றும் வரும். எனக்கு அது 10ஈசி:பி723 என்று காட்டுகிறது. அவருக்கு வந்திருப்பது 14ஈ4:4365, அதாவது பிராட்காம் பிசிஎம்43142. டிரைவர் என்ற வரியே அவருக்கு வரவில்லை.

முதல் பதிவை மீண்டும் படித்துப் பார்க்கிறேன். ஒரு வலையின் பெயர்கூடத் தெரியவில்லை என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். சிக்னல் குறைவு என்று எழுதவே இல்லை. என் வீட்டுச் சிக்கலை நான் அவருடைய பதிவுக்குள் படித்துவிட்டேன்.

இந்தக் கார்டுக்குக் கெர்னலில் உள்ள பி43 டிரைவரும் உதவாது, பிஆர்சிஎம்எஸ்மேக் டிரைவரும் உதவாது. பிராட்காம் தந்த டபிள்யூஎல் என்னும் மூடிய டிரைவர் ஒன்றே வழி. டெபியனில் அது பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஜூலை 6-ஆம் தேதி நான் எழுதியதில் இங்கேயும் ஒரு திருத்தம் உண்டு: டெபியன் 12-ன் நிறுவல் வட்டில் சேர்க்கப்பட்டவை ஃபர்ம்வேர் கோப்புகள் மட்டுமே. இது ஃபர்ம்வேர் அன்று, முழு டிரைவர். ஆகவே நான்-ஃப்ரீ என்னும் பழைய பிரிவை மென்பொருள் மூலப் பட்டியலில் தனியாகச் சேர்த்தால்தான் கிடைக்கும். அதோடு கெர்னல் ஹெடர் பொதியையும் நிறுவ வேண்டும், ஏனென்றால் இந்த டிரைவர் உங்கள் கணினியிலேயே, உங்கள் கெர்னலுக்கு ஏற்றவாறு தொகுக்கப்படுகிறது. இணையம் இல்லாமல் இணையத்துக்கான டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்பீர்கள். கைப்பேசியின் யூஎஸ்பி கம்பிதான் விடை.

2024 ஜூலை 16

நண்பர் எல்லாம் செய்து முடித்து, டபிள்யூஎல் டிரைவரை ஏற்றும்போது, சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்பதாக எழுதியிருக்கிறார். அது செக்யூர் பூட். கணினி துவங்கும்போது கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு அது. வீட்டிலேயே தொகுத்த டிரைவரின் கையொப்பத்தை அது அறியாது. கணினியின் துவக்க அமைப்பான பயாஸுக்குள் சென்று அதை அணைத்துவிடுவது எளிய வழி. அணைக்க விரும்பாவிட்டால், டிரைவரைத் தொகுக்கும் டிகேஎம்எஸ் தானே உண்டாக்கி வைத்திருக்கும் சாவியை மோக்யூடில் கட்டளையால் பதிவுக்கு அனுப்பி, ஒரு கடவுச்சொல்லை வைத்து, மறுதுவக்கத்தில் வரும் நீலத் திரையில் அதே கடவுச்சொல்லைக் கொடுத்து ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். காபி எடுக்க எழுந்து போய்விடாதீர்கள்.

2024 ஜூலை 17

நண்பர் காபி எடுக்க எழுந்து போயிருக்கிறார்.

2024 ஜூலை 18

இரண்டாம் முறையில் பலித்தது என்றும், வளவில் உட்கார்ந்தே இதை எழுதுவதாகவும் செய்தி வந்திருக்கிறது. லினக்ஸ் வைஃபைக்கு ஆகாது என்ற தீர்ப்பை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை; பாதி திரும்பப் பெறுவதாகச் சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. பிராட்காம் அந்த டிரைவரை 2015-க்குப் பிறகு புதுப்பிக்கவில்லை. புதிய கெர்னல்களோடு அது ஒத்துப்போவதற்கான ஒட்டுகளைப் போட்டு வருபவர்கள் டெபியன் முதலிய வழங்கல்களின் பராமரிப்பாளர்கள்தான்.

2024 ஆகஸ்ட் 4

எனக்குப் புதுத் தொல்லை. சிக்னல் நன்றாக இருக்கும்போதே இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்த டிரைவரில் மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாடுகள் சில உண்டு. ஐபிஎஸ் என்றும் எஃப்டபிள்யூஎல்பிஎஸ் என்றும் அவற்றுக்கு அளவுருக்கள் இருக்கின்றன. அதே கோப்பில், அதே வரியில், இரண்டுக்கும் 0 கொடுத்தேன். கூடவே இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரிலும் வைஃபை பவர்சேவ் என்பதற்கு 2 கொடுத்தேன். அங்கே 2 என்றால் அணைத்துவை, 3 என்றால் இயக்கு. இப்படி எண் வைத்தவர் வீட்டில் விளக்குப் பொத்தான்கள் எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இணைப்பு அறுவது நின்றுவிட்டது.

2024 ஆகஸ்ட் 11

மூன்றையும் ஒரே நாளில் மாற்றியதால் எது குணமாக்கியது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தேன். நாளுக்கு ஒன்றாகத் திருப்பிப் பார்த்ததில், என் கணினியில் எஃப்டபிள்யூஎல்பிஎஸ் ஒன்றே காரணம் என்று தெரிகிறது. மற்ற இரண்டையும் பழையபடி வைத்துவிட்டேன். மின்கலத்துக்கு அது நல்லது.

2024 செப்டம்பர் 15

சுவரை முற்றிலும் குற்றமற்றது என்று விடுவித்ததும் மிகை. அப்பத்தாவின் அறை மூன்றாங்கட்டுக்கு அருகில் இருக்கிறது. மாலையில் வெளிநாட்டிலுள்ள பேத்தியோடு முகம் பார்த்துப் பேசுவதற்கு மடிக்கணினியை அங்கே கொண்டு போகிறோம். ஆன்டெனா சரியான பிறகும் அங்கே மைனஸ் 81. கைப்பேசியும் அந்த அறையில் தடுமாறுகிறது. இங்கே குற்றவாளி சுவர்தான், இம்முறை அளந்துதான் சொல்கிறேன்: அறையின் வாசலில் மைனஸ் 70, உள்ளே இரண்டடி வைத்ததும் 81. அறையை ஒட்டிய சாமான் உள் என்னும் அறையில் தலைமுறைக்குச் சேர்த்து வைத்த எவர்சில்வரும் பித்தளையும் உத்தரம் வரை அடுக்கப்பட்டிருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த அலை சுவரில் இன்னும் அதிகமாக மடியும். தவிர என் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். தேவகோட்டை நண்பரின் கார்டுக்கும் அப்படியே.

சரியான வழி, முகப்பிலிருந்து ஒரு ஈதர்நெட் கம்பியைப் பின்கட்டு வரை இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை அங்கே வைப்பது. ஈதர்நெட் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் இந்த வீட்டுக்குக்கூட அது போதும். ஆனால் சுவரில் துளை போட வேண்டுமென்றால் வீட்டில் பங்குள்ள எல்லாப் புள்ளிகளையும், அதாவது குடும்பங்களையும், கேட்க வேண்டும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், இருவர் மலேசியாவில். கெர்னலில் ஒரு டிரைவரைச் சேர்ப்பதுகூட இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

2024 செப்டம்பர் 29

துளை போடவில்லை. நிலைகளுக்கு மேலுள்ள காற்றுச் சந்துகள் வழியாகவும், பழைய மின்கம்பி போன மரச் சட்டத்தை ஒட்டியும் கம்பியைக் கொண்டு போய்விட்டேன். பழைய ரவுட்டரில் முகவரி வழங்கும் பணியை, அதாவது டிஎச்சிபியை, அணைத்தேன். அணைக்காவிட்டால் இரண்டு ரவுட்டர்களும் ஆளுக்கொரு முகவரி கொடுத்துக் குழப்பும். முகப்பில் இருப்பது 1-ஆம் சேனலிலும் இது 11-ஆம் சேனலிலும் இயங்குகின்றன. 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. அப்பத்தாவின் அறையில் மைனஸ் 52.

2024 அக்டோபர் 20

செய்ய வேண்டாத ஒன்றைச் செய்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு அலைவரிசைகளும் எடுக்கும் இன்டெல் 7260 கார்டு பழையது ஒன்று காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது. லினக்ஸில் அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, ஆன்ட்_செல் தொல்லையும் இல்லை என்ற ஆசையில் வாங்கி, மடிக்கணினியின் அடியைத் திறந்தேன். உள்ளே கண்டது, ஜூலையில் ஊகித்ததேதான்: கார்டில் இரண்டு முனைகள், கறுப்புக் கம்பி ஒன்று, அது இரண்டாம் முனையில். புதிய கார்டைப் பொருத்தி, அந்த ஒற்றைக் கம்பியை மாட்டி எழுப்பினால், அங்கீகரிக்கப்படாத வயர்லெஸ் கார்டு என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டுக் கணினி நின்றுவிட்டது. சில தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டியலில் உள்ள கார்டுகளை மட்டுமே பயாஸில் அனுமதிக்கிறார்கள். அனுமதித்திருந்தாலும் 7260-க்கு இரண்டு ஆன்டெனா வேண்டும், என்னிடம் இருப்பது ஒன்று; வாங்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பழைய கார்டையே திரும்பப் பொருத்தினேன். திறந்த கையோடு கம்பியை முதல் முனைக்கு மாற்றிவிட்டால் கோப்பே தேவைப்படாதே என்று யோசித்தேன். அந்தப் பொருத்துமுனை அரிசி அளவுதான் இருக்கும், அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளர்ந்துவிடும். ஒரே நாளில் ஒரு முறை கழற்றி மாட்டியாயிற்று. இரண்டாம் முனையிலேயே இருக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

2024 நவம்பர் 24

கெர்னல் புதுப்பிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் மாறவில்லை. ஆன்ட்_செல் 2 என்றே இருக்கிறது, திண்ணையில் மைனஸ் 36. தேவகோட்டை நண்பருக்கு வைஃபை மறைந்துவிட்டது. ஹெடர் பொதி பழைய கெர்னலுக்கு உரியதாகவே நின்றுவிட்டதால் டிகேஎம்எஸ் புதிய கெர்னலுக்கு டிரைவரைத் தொகுக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பதிப்பின் ஹெடரை நிறுவாமல், லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 என்ற பொதுப் பொதியை நிறுவினால், கெர்னலோடு அதுவும் தானாக மாறிவரும். ஜூலையில் இந்தப் பெயரை நான் சொல்லியிருக்க வேண்டும். அதை இறக்க மறுபடியும் கைப்பேசிக் கம்பி தேவைப்பட்டிருக்கிறது. நண்பர் அதை யாருக்கோ கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியிருக்கிறார்.